புதிய பி.எம்.டபிள்யூ.வா, பழையதா? வடக்கில் சொகுசுக் கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். பெற்றோல் கிடைக்காது. சூப்பிப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினை இயக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். உதிரிப்பாகம் இல்லையென்றால் கராஜ்காரரே கடைந்து போடுவார். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்தக் கார்கள் தாக்குப்பிடித்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அவற்றின் என்ஜினுக்குள் எரிபொருள் அமுக்கப்படும் அளவு மிகக் குறைவு. அதனால் தரம் குறைந்த எரிபொருளும் எரிந்தது. கணினி இல்லை, உணரி இல்லை. பார்த்து, பிரித்து, திருத்தக்கூடிய இயந்திரம் அது.

கிளிநொச்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தது. ஐரோப்பாவில் இருக்கும் தமையன் காசு அனுப்பத் தயாராக இருக்கிறார். நல்ல வேகமும் வசதியும் உள்ள ஜேர்மன் கார் ஒன்று வேண்டும். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கும் விடலாம் என்று யோசனை. “புதுசாய் இறக்குமதி செய்ததை எடுக்கிறதா, ஏற்கனவே பதிவு செய்து ஓடினதை எடுக்கிறதா?” என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

உலகத்து விதியும் இலங்கை விதியும்

பிரித்தானியாவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினரைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்: மூன்று வருடம் ஓடியதை வாங்கு. அங்கே சொகுசுக் காரின் விலை முதல் சில வருடங்களில்தான் வேகமாக விழும். அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார். இரண்டாவதாக வாங்குபவருக்கு, ஏறக்குறைய அதே கார் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

இந்த விதி இலங்கையில் ஐந்து வருடம் தலைகீழாகக் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. புதிய கார் வராததால் ஓடிய கார்களின் விலை ஏறியது. 2018இல் வாங்கிய காரை மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டு, வாங்கிய விலையிலும் கூட விலைக்கு விற்றவர்கள் உண்டு. “காரில் போட்ட காசு குறையாது” என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர்களிலும் வேரூன்றியது.

2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதோடு அந்த நம்பிக்கையின் அடித்தளம் போய்விட்டது. புதியது வரத் தொடங்கினால் பழையது பழையதாகிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல், தடைக்கால விலையை மனதில் வைத்துப் பழைய சொகுசுக் காரை வாங்குபவர் நட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

விலைக்குள் இருக்கும் வரி

இறக்குமதி திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட வீதங்களை எடுத்துக்கொள்வோம். காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்து 80 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். பெற்றோல் கார். சுங்க இறக்குமதித் தீர்வை 20 வீதம், அதாவது 16 இலட்சம். அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், 8 இலட்சம். பிறகு சொகுசு வரி. பெற்றோல் காருக்கு 50 இலட்சம் வரை இந்த வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 100 வீதம். எனவே 30 இலட்சம். இப்போதே 134 இலட்சம் ஆகிவிட்டது. இன்னும் என்ஜின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி சேரவில்லை, 18 வீத வற் வரியும் சேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சொகுசு வரி விலையோடு பாய்ந்து ஏறுகிறது. 80 இலட்சக் காருக்கு 30 இலட்சம் என்றால், 200 இலட்சக் காருக்கு 150 இலட்சம். இரண்டாவது, கொள்ளளவின்படி அறவிடப்படும் வரி, கார் பழையது என்பதற்காகக் குறையாது. மூன்று லீற்றர் என்ஜின் மூன்று லீற்றர்தான். 1.5 லீற்றர் என்ஜினோடு வரும் பி.எம்.டபிள்யூ. 318ஐ போன்ற கார்கள் எங்கள் வீதிகளில் அதிகமாகத் தெரிவதற்கும், உண்மையான வேகக் கார்கள் அரிதாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே ஒரு புதிய சொகுசுக் காருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகிறது. அந்த வரிப்பணம் காரின் மறுவிற்பனை விலைக்குள் உறைந்து கிடக்கும். நாளை ஒரு வர்த்தமானியில் வரி குறைக்கப்பட்டால் அந்தப் பணம் கரைந்துவிடும். மீண்டும் இறக்குமதி நின்றால் ஏறும். அந்த முடிவு எங்கள் கையில் இல்லை.

புதியது என்பதிலும் வகை உண்டு

விற்பனைக்காரர் சொல்லும் “புதுசு” என்ற சொல்லுக்குள் மூன்று வேறு பொருட்கள் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட முகவர் கொண்டுவரும் புத்தம் புதியது ஒன்று. முகவர் அல்லாத விற்பனை நிலையம் வெளிநாட்டுச் சந்தையில் வாங்கிக் கொண்டுவரும் புத்தம் புதியது இன்னொன்று. வெளிநாட்டில் ஓடி, இங்கே இன்னும் பதிவு செய்யப்படாத ‘ரீகண்டிஷன்’ மூன்றாவது.

இரண்டாவது வகைக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் உள்ளூர் முகவரிடம் செல்லுமா என்பதை வாய்ச்சொல்லில் நம்பக் கூடாது. அடிச்சட்டக இலக்கத்தைக் கொடுத்து முகவரிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். செல்லாது என்றால் நீங்கள் புதியதற்கான விலையைக் கொடுத்து, உத்தரவாதம் இல்லாத காரைத்தான் வாங்குகிறீர்கள்.

மூன்றாவது வகையில் ஜேர்மன் கார்கள் பெரும்பாலும் பிரித்தானியாவில் இருந்து வருகின்றன. அங்கே ஒவ்வொரு காரும் வருடாந்தப் பரிசோதனையின்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பரிசோதனை கார் மூன்று வயதானபோதுதான் தொடங்கும். அதற்கு முன்னரே இங்கே வந்துவிட்ட காருக்கு அந்தப் பதிவு இருக்காது. அப்படியானால் பராமரிப்புப் பதிவு மட்டுமே சாட்சி. அண்மைக்கால பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் கார்களில் அது எண்ணிமப் பதிவாக இருக்கிறது. காட்ட மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பழையதன் உண்மையான விலை

பதிவு செய்யப்பட்ட பத்து வயதுக் காரின் விலை பார்வைக்குக் குறைவுதான். ஆனால் கார் மலிவாகும்போது அதன் உதிரிப்பாகங்கள் மலிவாவதில்லை. அவை அன்றைய டொலர் விலையில்தான் வரும்.

சில உதாரணங்கள். இலங்கையில் பரவலாகக் காணப்படும் பி.எம்.டபிள்யூ. 520டி கார்களில் 2014 வரை வந்தவற்றில் என்47 என்ற டீசல் என்ஜின் இருக்கிறது. அதன் ரைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர் பொக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயின் தேய்ந்தால் மாற்றுவதற்கு என்ஜினையோ கியர் பொக்ஸையோ கழற்ற வேண்டும். அறுந்தால் என்ஜினே போய்விடும். மெர்சிடிஸ் சி350இ போன்ற, மின்னேற்றக்கூடிய ஹைபிரிட் கார்களில் 2015, 2016இல் வந்தவற்றுக்குப் பற்றரி உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. பற்றரியின் தற்போதைய நிலையைச் சோதிக்காமல் விலை பேசுவது கண்ணை மூடிக்கொண்டு பேசுவதுதான். “ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை” என்று சொல்லப்படும் கியர் பொக்ஸ் ஒயிலை, அந்தக் கியர் பொக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. காற்றில் இயங்கும் சஸ்பென்சன், ரேர்போ, பெரிய பிரேக் தட்டுகள் எல்லாம் தேயும் பொருட்களே.

எரிபொருளிலும் மிச்சம் பிடிக்க முடியாது. ரேர்போ பூட்டிய வேக என்ஜின் குறைந்தது ஒக்ரேன் 95 பெற்றோலைக் கேட்கும். 92 அடித்தால், என்ஜின் தட்டுவதை உணரி கண்டுபிடித்துச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கார் ஓடும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் இருக்காது.

திருத்துவது எங்கே என்பதும் கேள்வி. எங்கள் மெக்கானிக்மாரின் கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கார்களுக்குக் கை மட்டும் போதாது. நிறுவனத்தின் மென்பொருளும் கருவியும் வேண்டும். பெரிய வேலை என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வாகனத்தை ஏற்றி அனுப்ப வேண்டிவரும்.

கடதாசி

கடதாசியின் பெறுமதியை வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் வாகனங்களை விட்டுவிட்டு வந்தவர்களில், பதிவுப் புத்தகம் கையில் இருந்தும் வாகனம் இல்லாதவர்கள் இருந்தார்கள். புத்தகத்தையும் தொலைத்ததால் இழந்ததை நிரூபிக்க முடியாதவர்களும் இருந்தார்கள்.

சொகுசுக் கார் சந்தையில் இந்தப் பிரச்சினைக்கு வேறு வடிவம் உண்டு. தீர்வை செலுத்தாமல் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களோடு பதிவு செய்யப்பட்ட சொகுசு வாகனங்கள் பற்றிய விசாரணைகள் அண்மைய வருடங்களில் தொடர்ந்து நடக்கின்றன. அப்படியான வாகனம் கைப்பற்றப்பட்டால், கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர்தான் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். ஆகவே முற்பணம் கொடுக்க முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருந்து வாகனத்தின் விபரத்தைப் பெற்று, என்ஜின் இலக்கத்தையும் அடிச்சட்டக இலக்கத்தையும் நேரில் ஒப்பிட வேண்டும். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் வேண்டும். பெயர் மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறி வந்த கார் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

லீசிங்கில் எடுப்பதா?

போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு வடக்குக்கு வேகமாக வந்தவற்றில் லீசிங் நிறுவனங்களும் ஒன்று. தவணை தவறி ட்ரக்டரையும் முச்சக்கர வண்டியையும் பறிகொடுத்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. நிதிக் குத்தகையில், கடைசித் தவணை கட்டும்வரை வாகனத்தின் உரிமையாளர் நிறுவனம்தான். நான்கு வருடம் கட்டிவிட்டு ஐந்தாவது வருடத்தில் தவறினாலும் அதுதான் நிலை. வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. மீதியைக் கைக்காசாகப் போட வேண்டும். அந்தக் கைக்காசுக்காகக் காணி உறுதியையோ நகையையோ இன்னொரு இடத்தில் வைப்பதாக இருந்தால், அந்தக் காரைப் பற்றி மேலும் யோசிக்கவே வேண்டாம்.

அப்படியானால் எது?

காரைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர், முழுப் பணமும் கையில் உள்ளவர், முகவரின் உத்தரவாதத்தோடு சிறிய என்ஜின் கொண்ட புதியதை எடுக்கலாம். விலை விழுந்தாலும் நீண்ட காலத்தில் அது பரவும். மூன்று நான்கு வருடத்தில் விற்க நினைப்பவருக்குப் புதியது பொருந்தாது. அவர் ஐந்து முதல் எட்டு வயதான, ஒரே உரிமையாளரிடம் முழுப் பராமரிப்புப் பதிவோடு இருக்கும் காரைத் தேடலாம். அதைக் கொழும்பில் சுயாதீனமான ஒருவரைக் கொண்டு கணினியில் சோதிக்க வேண்டும். வாங்கும் விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை முதல் வருடத் திருத்தத்துக்கெனத் தனியாக வைக்க முடியாதவர், அந்தப் பழைய காரையும் வாங்கக் கூடாது.

நண்பரின் வாடகைத் திட்டத்தையும் இருவரும் இருந்து எழுதிப் பார்த்தோம். நல்ல முகூர்த்த நாட்கள் வருடத்தில் எத்தனை, வாடகை எவ்வளவு, காப்புறுதி, வருமான வரிப்பத்திரம், ரயர், சாரதி என்று ஒரு பக்கம் முழுக்க வந்தது. கழித்துப் பார்த்தால், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பவருக்குத்தான் லாபம், காரை வைத்திருப்பவருக்கு இல்லை. அந்தத் தாளைப் படம் எடுத்துத் தமையனுக்கு அனுப்பினார். இரவு வேலை முடிந்து வந்த தமையன் திருப்பி எழுதியது ஒரே கேள்விதான்: “முதல் இந்தக் கணக்கை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”