கம்பெனிகளுக்கு மெயில் எழுதப் போகிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் படம் பார்ப்பார்கள். பிறகு கேம்ஸ். பிறகு ஒரு நாள் தாங்களே ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஆயிரம் பேர் சேர்ந்ததும், "எந்தக் கம்பெனியாவது நமக்கு விளம்பரம் தராதா?" என்ற கேள்வி வந்துவிடும். என் சித்தி மகளுக்கும் வந்தது. ஆலத்தியூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பிளவுஸ் கட்டிங் பற்றி மூன்று வருடமாக வாரம் ஒரு வீடியோ போடுகிறாள். 2,300 சப்ஸ்கிரைபர்கள். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ராம்கோ சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். இவளுடைய வீடியோ பார்ப்பவர்களுக்கு மட்டும் பிளவுஸ். எனக்குத் தையல் தெரியாது. சாப்ட்வேர் வேலை பார்ப்பதால் மெயிலும் பைலும் தெரியும். அந்தப் பக்கத்து வேலைகளை நான் பார்த்துக் கொடுத்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

யூடியூப் தரும் விளம்பரப் பணத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பணத்தில் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. ஷார்ட்ஸ் மட்டும் போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. கம்பெனியோடு நேரடியாகப் பேசிச் செய்யும் விளம்பரத்துக்கு இப்படி எல்லைக்கோடு எதுவும் கிடையாது. 300 பேர் இருந்தாலும் கேட்கலாம்.

ஆனால் கேட்க வேண்டியது நாம்தான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல் அதுதான். அவர்களைப் போன்றவர்களைக் கம்பெனிகள் தேடி வரும். 2,300 பேர் வைத்திருப்பவரைத் தேடி வருவது அபூர்வம். அப்படி யாராவது வந்தால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

சரி, என்ன சொல்லிக் கேட்பது? சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைச் சொன்னால் நாம் தோற்றுவிடுவோம். பார்ப்பவர்கள் யார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, இடது பக்கம் உள்ள அனலிடிக்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். அதில் ஆடியன்ஸ் பகுதிக்குப் போனால் ஆண், பெண், வயது, நாடு விவரங்கள் கிடைக்கும். போதிய பார்வைகள் இருந்தால்தான் இவை தெரியும். விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் தேவையான பகுதியை மட்டும் படமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட மதிப்புள்ளது கமெண்ட் பகுதி. சித்தி மகளின் வீடியோக்களின் கீழே, "அக்கா, மோட்டார் மெஷின் வாங்கலாமா, கால் மெஷினே போதுமா?" என்று மட்டும் நாற்பது பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள். மெஷின் விற்பவருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்? கேட்டவர்களின் பெயர்களை மறைத்துவிட்டு, பத்துக் கேள்விகளை ஒரு பக்கத்தில் ஒட்டி பிடிஎப் பைலாக மாற்றினோம். வேர்டில் சேவ் ஆஸ் கொடுத்து, பைல் வகையில் பிடிஎப் என்று தேர்ந்தெடுத்தால் போதும். டிசைன் வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மெயில் இப்படி அமைந்தது:

"வணக்கம். நான் அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரிலிருந்து பிளவுஸ் கட்டிங் பற்றித் தமிழில் வாரம் ஒரு வீடியோ வெளியிடுகிறேன். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள். எந்த மெஷின் வாங்குவது என்று அவர்கள் கேட்ட கேள்விகளை இணைத்துள்ளேன். உங்கள் மோட்டார் மெஷினில் ஒரு லைனிங் பிளவுஸை முழுவதும் தைத்துக் காட்டி ஒரு வீடியோ செய்ய விரும்புகிறேன். மெஷினை 15 நாட்களுக்குக் கொடுத்தால் போதும். அது நீங்கள் தந்தது என்பதை வீடியோவில் சொல்வேன். குறை தெரிந்தால் அதையும் சொல்வேன்."

கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "குறையும் சொல்வேன்னு எழுதினா யாருண்ணே குடுப்பாங்க?" என்றாள். இருக்கட்டும் என்றேன். அந்த நாற்பது பேர் அவளிடம் கேட்பது அவள் உள்ளதைச் சொல்வாள் என்றுதானே? அதைத் தவிர நம்மிடம் விற்பதற்கு வேறு சரக்கு கிடையாது.

தமிழில் எழுதும்போது யூனிகோட் எழுத்தில் டைப் செய்யுங்கள். டிடிபி சென்டர்களில் பழகிய பாமினி போன்ற பழைய பான்ட்டில் அடித்து அனுப்பினால், அந்தப் பான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். கம்பெனியின் மெயில் முகவரியை அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து எடுங்கள். ஒரே மெயிலைப் பத்துக் கம்பெனிகளுக்குச் சேர்த்து அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஒன்பது இடங்களுக்கு எழுதினோம். ஆறு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒரு கம்பெனி நாகரிகமாக மறுத்தது. இன்னொன்று அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது. சம்மதித்தது பெரம்பலூரில் உள்ள ஒரு மெஷின் கடை. பெரிய கம்பெனிக்கு 2,300 என்பது தூசு. கடைக்காரருக்கோ செந்துறை, திட்டக்குடி பக்கத்திலிருந்து பத்துப் பேர் வந்தாலே லாபம். எனவே பட்டியலில் முதலில் பக்கத்து ஊர்க் கடைகளை எழுதுங்கள் என்பேன்.

இப்போது உஷார் விஷயத்துக்கு வருவோம். அந்த வாரத்திலேயே நாங்கள் எழுதாத ஓர் இடத்திலிருந்தும் மெயில் வந்தது. அழகான ஆங்கிலம். உங்கள் சேனல் மிக அருமை. எங்கள் வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் பற்றி 30 விநாடி பேசினால் 600 டாலர். ஒப்பந்தம் ஜிப் பைலில் உள்ளது, பாஸ்வேர்டு இது. பிளவுஸ் சேனலுக்கு எடிட்டிங் மென்பொருளா? அதைத் திறக்காமலே அழித்தோம்.

இது பழைய மோசடி. சேனல் நடத்துபவர்களுக்குப் பொய்யான விளம்பர வாய்ப்பு காட்டி, மென்பொருளை இறக்கச் சொல்லி, கணக்கைத் திருடும் கும்பல்களைப் பற்றி 2021 அக்டோபரில் கூகுள் விவரமாக வெளியிட்டது. திருடிய சேனல்கள் 3 டாலர் முதல் 4,000 டாலர் வரை விற்கப்பட்டனவாம். 2023 மார்ச்சில் ஒன்றரைக் கோடிப் பேர் பார்க்கும் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற கனடா நாட்டுச் சேனலே இப்படிப் பறிபோய், அதில் கிரிப்டோ மோசடி வீடியோ ஓடியது. அங்கே ஓர் ஊழியர் விளம்பர ஒப்பந்த பிடிஎப் என்று நம்பித் திறந்த பைல்தான் காரணம். கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்!

போனுக்கு ஓடிபி வருமே, எப்படித் திருடுவார்கள் என்று கேட்கிறீர்களா? பொருட்காட்சியில் டிக்கெட் காட்டி உள்ளே போனதும் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். வெளியே வந்து திரும்பப் போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள். நீங்கள் லாகின் செய்ததும் பிரவுசரில் வைக்கப்படும் குக்கியும் இப்படித்தான். அந்தக் குக்கியைத் திருடிச் சென்றவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

எனவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். விண்டோஸ் பைலின் பெயரில் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். ஒப்பந்தம்.பிடிஎப்.இஎக்ஸ்இ என்ற பைல், ஒப்பந்தம்.பிடிஎப் என்றுதான் தெரியும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, பிறகு ஷோ, பிறகு பைல் நேம் எக்ஸ்டன்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் வியூ டேபிலேயே அது இருக்கும். இனி முழுப்பெயரும் தெரியும். ஒப்பந்தம் என்று வந்த பைல் இஎக்ஸ்இ என்றோ எஸ்சிஆர் என்றோ முடிந்தால் அது புரோகிராம். தொடவே தொடாதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் பைலை ஜிமெயிலின் வைரஸ் சோதனையால் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பாஸ்வேர்டு போட்டு அனுப்புகிறார்கள்.

மெயில் முகவரியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கில எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பார்கள். கம்பெனிகளுக்கு எழுதத் தனியாக ஒரு மெயில் ஐடி வைத்துக்கொண்டால், சேனல் எந்த ஐடியில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. தவறிப் பைலைத் திறந்துவிட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறு ஒரு போனிலிருந்து கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, செக்யூரிட்டி பகுதியில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள்.

கடைக்காரரோடு பேசி முடித்ததும் சட்டம் சம்பந்தமாகவும் ஒரு வேலை உண்டு. இலவசமாக வந்த பொருளானாலும் அதை வீடியோவில் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் விதிகள் 2021 ஜூன் 14 முதலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் வழிகாட்டுதல் 2023 ஜனவரியிலிருந்தும் இதைத்தான் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வீடியோவை ஏற்றும்போது டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஷோ மோர் என்பதைக் கிளிக் செய்தால் பெய்ட் புரமோஷன் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் செய்யுங்கள். அதோடு, "இந்த மெஷின் கடையிலிருந்து தந்தது" என்று வாயாலும் தமிழில் சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டியை யார் கவனிக்கிறார்கள்?

வருமான வரியும் உண்டு. ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் தரும் பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீத வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1-ல் வந்தது. அதற்கு உங்கள் பான் எண்ணைக் கேட்பார்கள். மெஷினை நீங்களே வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. 15 நாட்களில் திருப்பிக் கொடுத்துவிட்டால் கிடையாது.