பழையதும் புதியதும் ஜோடி சேருமா?

"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று யாரையாவது பரிகாசம் செய்கிறோம் அல்லவா? அந்த ஆறு விருத்தாசலத்தில்தான் ஓடுகிறது. இங்கே இறைவன் கொடுத்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது பெரிய புராணம். பலர் மறந்துவிடும் ஒரு சங்கதி அதில் உண்டு. ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மாதிரிக்காக வெட்டி வைத்துக்கொண்டார் சுந்தரர். அதற்கு 'மச்சம்' என்று பெயர். குளத்தில் கிடைத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால், மாற்றுக் குறைவாக இருந்தது! தெய்வம் தந்த பொன்னுக்கே மாதிரி வைத்துப் பார்த்திருக்கிறார்.

"அதற்கும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். சொல்கிறேன்.

குழந்தையின் பாடம், உங்கள் வரவு செலவு, கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான். அது ஆமையாய் நகர ஆரம்பித்ததும், "இன்னும் நாலு ஜி.பி. ரேம் வாங்கிப் போட்டால் பறக்கும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரேம் என்பது சமையலறை மேடை மாதிரி. அலமாரியில் எத்தனை டப்பா இருந்தாலும், சமைக்கும்போது பரப்பி வைக்க மேடையில் இடம் வேண்டுமே!

ஆனால் இடப் பற்றாக்குறைதானா என்று முதலில் பாருங்கள். வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் மெமரி நூற்றுக்குத் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம் வாங்கலாம். மெமரி பாதிகூட நிரம்பாமல், டிஸ்க் மட்டும் நூறில் நின்றால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. மாற்றுவதே பலன் தரும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பயனில்லை.

சரி, ரேம்தான் வேண்டும். ரவிக்கைத் துணி எடுக்கப் போகும்போது புடவையைக் கையோடு கொண்டு போகிறீர்கள் அல்லவா? அதுபோலப் பழைய ரேமைக் கொண்டு போங்கள். அதுவே உங்கள் மச்சம். ஜி.பி. எண் ஒன்றை மட்டும் சொல்லி வாங்குவதுதான் தொல்லைக்கு வித்து.

முதலில் பார்க்க வேண்டியது இனம். டி.டி.ஆர்.3க்கு 1.5 வோல்ட் மின்சாரம், டி.டி.ஆர்.4க்கு 1.2, டி.டி.ஆர்.5க்கு 1.1. ஒன்று மற்றொன்றின் இடத்தில் நுழையாதபடி கீழே உள்ள வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்டே போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சர்வர் ரேமையும் வாங்காதீர்கள். வீட்டுப் பெட்டிகளில் அது பெரும்பாலும் வேலை செய்யாது.

அடுத்தது வேகம். 2666 ஓடும் போர்டில் 3200 ரேமைச் சேர்த்தால், புதியதும் 2666க்கு இறங்கி வந்துவிடும். வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் மெதுவான மாட்டின் நடைதானே வண்டியின் நடை! பழைய 4 ஜி.பி.யோடு புதிய 8 ஜி.பி. சேர்வதும் பெரும்பாலும் சாத்தியமே. ஆனால் முழு ஜோடி வேகம் எல்லாப் பகுதிக்கும் கிடைக்காது. பணம் இடம் கொடுத்தால், ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதை வாங்குவதே உத்தமம். எந்தெந்த ஸ்லாட்டில் போடுவது என்று போர்டின் கையேடு சொல்லும்.

போடும்போது கவனம். பொம்மைக்கும் ஃப்யூஸ் கட்டைக்கும் பெயர் போன விருத்தாசலத்தின் சரக்குக்கு ரேம் தகட்டில் ஒரு சின்னத் தாயாதி இருக்கிறது. கரிய சில்லுகளைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிதாகப் பழுப்பு மணிகள் தெரிகின்றனவே, அவை மின்சாரம் ஏறி இறங்காமல் காக்கும் பீங்கான் கெபாசிட்டர்கள். பீங்கானின் குணம் அவற்றுக்கும் உண்டு: வளைத்தால் விரிசல் காணும். ஆகவே தகட்டின் ஓரத்தைப் பிடியுங்கள். இரு முனையையும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று பூட்டும். அதற்கு முன் மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பு உடலைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

பெட்டி உயிர் பெற்றதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். சரியாகச் சேராத ரேம் சில சமயம் சண்டை போடாது. சத்தமில்லாமல் எழுத்தை மாற்றிவிடும். ஒரு மாதம் கழித்துக் கணக்கு ஏடு திறக்காது. படங்கள் பாதியில் அறுந்து கிடக்கும். அதனால் முக்கியமானவற்றை முன்கூட்டியே வேறொரு டிரைவில் நகல் எடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை அன்றிரவே ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் புதியதைக் கழற்றி, பில்லோடு கடைக்குக் கொண்டு போங்கள்.

இன்னொரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டி.டி.ஆர்.3 பெட்டிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இல்லை. அத்தகைய பெட்டிக்குச் சேமிப்பையெல்லாம் கொட்டுமுன், அந்தப் பணம் புதுப்பெட்டிக்கு முன்பணம் ஆகுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்குக்கு ரேம் வேண்டாம். பென்சிலும் காகிதமும் போதும்.