பன்னிரண்டு கம்பி கிட்டார்: முதலில் சுருதி, பிறகு கம்பி

லெட் பெல்லியின் ப்ளூஸ் பதிவுகளைக் கேட்டுவிட்டுப் பலர் தடித்த கம்பிகளை வாங்கித் தங்கள் பன்னிரண்டு கம்பி கிட்டாரில் பூட்டுகிறார்கள். அவர் தடித்த கம்பி பூட்டியது உண்மை. ஆனால் அவருடைய ஸ்டெல்லா கிட்டாரின் ஆறாம் கம்பிச் சோடி வழக்கமான ஈ-யில் நிற்கவில்லை. சி, பி வரை இறங்கி நின்றது. இதை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டார் பாழாகும்.

கணக்கு எளிது. இழுவிசை, கம்பித் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 0.010 அங்குலக் கம்பியை எடுத்துவிட்டு 0.013 போட்டு அதே சுருதியில் நிறுத்தினால், அந்தக் கம்பியின் இழுவிசை 69 சதவீதம் ஏறும். மெல்லிய கம்பிகளே பன்னிரண்டும் சேர்ந்து சுமார் 110 கிலோ இழுக்கின்றன. ஆறு கம்பி கிட்டாரில் இது 70 கிலோவை ஒட்டியது. சுமை மிஞ்சினால் பிரிட்ஜுக்குப் பின்னே மேற்பலகை உப்பும், பிரிட்ஜ் பசை விட்டு எழும்பும், கழுத்தின் கோணம் மாறும். கழுத்துக்கு வலுவூட்டும் டிரஸ் ராடு இல்லாத பழைய ஸ்டெல்லாக்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நான்கு ஃபிரெட் அளவு இறக்கி சி-யில் நிறுத்தினால் இழுவிசை 37 சதவீதம் குறையும். அங்கே 0.013 கம்பியின் இழுவிசை, ஈ-யில் 0.010 கம்பிக்கு உள்ளதைவிட ஏழு சதவீதம்தான் கூடுதல்.

ஸ்லைடு வாசிப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. ஓப்பன் ஈ, ஓப்பன் ஏ இரண்டுக்குமே மும்மூன்று சோடிகளை ஏற்ற வேண்டும். இரண்டு ஃபிரெட் ஏற்றினால் இழுவிசை 26 சதவீதம் கூடும். மூன்றாம் சோடியின் மெல்லிய கம்பி வழக்கமான சுருதியிலேயே 392 ஹெர்ட்ஸ். முதல் சோடியோ 330தான். ஓப்பன் ஏ-யில் அந்த மெல்லிய கம்பி 440-க்குப் போகும். அடிக்கடி அறுவதும் அதுதான். அறுந்தால் கண்ணுக்கும் ஆபத்து. ஓப்பன் டி, ஓப்பன் ஜி இரண்டிலும் எந்தக் கம்பியையும் ஏற்ற வேண்டியதில்லை. சுர இடைவெளிகளோ ஓப்பன் ஈ, ஓப்பன் ஏ-யில் உள்ளவைதாம். இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டினால் ஈ-யும் ஏ-யும் கிடைத்துவிடும்.

எனவே எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துவிட்டுக் கம்பி வாங்குங்கள். புதிய கம்பி பூட்டிய பின் சில வாரங்கள் பிரிட்ஜின் பின்விளிம்பைக் கவனியுங்கள். அதனடியில் ஒரு காகிதத் துண்டு நுழைந்தால், அன்றே எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.