ரிப்பேர் ஆச்சா? ரிப்பேர் பண்ணியாச்சா?



"சார், டிரில்லிங் மெஷின் ரிப்பேர்!" நம் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி காதில் விழுகிற வாசகம் இது. ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் பழுதை நீக்குதல். நாமோ பழுதுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டோம்! "வண்டி ரிப்பேர் ஆயிடுச்சு" என்றால் ஓடாது. "ரிப்பேர் பண்ணியாச்சு" என்றால் ஓடும். பேச்சில் இதனால் தொல்லை இல்லை. சொல்பவர் முகமே பாதியைச் சொல்லிவிடும்.

லாக் புத்தகத்தில் எழுதும்போதுதான் வம்பு. முந்தின ஷிப்டுக்காரர் "3ஆம் நம்பர் மோட்டார் – ரிப்பேர்" என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வருபவர் ஸ்விட்சைப் போடலாமா, கூடாதா? டெர்மினல் கவர் கழன்று ஒயர் வெளியே கிடந்தால் அவர் கதி என்ன? ஷாக் அடித்த பிறகு அகராதியைப் புரட்டி என்ன பயன்?

தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. பழுது என்பது குறை. பழுதுபார்த்தல் என்பது வேலை. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. மேடு பள்ளமான சாலையைச் செப்பனிடுகிறோம். செப்பம் என்றால் ஒழுங்கு, நேர். புயலடித்த பிறகு நடப்பது சீரமைப்பு. லைசென்சைப் புதுப்பிக்கிறோம், யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை. கோயிலுக்கு ஜீர்ணோத்தாரணம், ஜீர்ணம் என்றால் நைந்து பழையதானது. நம்ம ஹாஸ்டல் சாப்பாட்டுக்குத் தேவைப்படுகிற ஜீரணமும் அதே சொல்தான்!

எனக்குப் பிடித்தது மராமத்து. அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்து, இங்கே கிராமத்துச் சொல்லாகவே ஆகிவிட்டது. அதன் முன்னால் 'குடி'யைச் சேர்த்தார்கள். ஊர்க்குடிகளே கூடி ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தினால் அது குடிமராமத்து. மனமுவந்து செய்த இந்த வேலையை 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2017இல் தமிழக அரசு ஏரி, குளங்களுக்கான தன் திட்டத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தது. மராமத்தில் இன்னொரு நயம்: உடைந்த பிறகு மட்டுமல்ல, உடையாமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும். நாம் மெயின்டெனன்ஸ் என்று படிக்கிறோமே, அதேதான்.

நம் தொழிலில், எந்த அளவுக்கு வேலை நடந்தது என்பதையும் சொல்லே காட்ட வேண்டும். சர்வீஸ் என்றால் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, டைட் வைப்பது. ஓவர்ஹால் என்றால் முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டுவது. இரண்டுக்கும் பில்லில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! ரீபோர் இன்னும் வேடிக்கை. தேய்ந்து முட்டை வடிவமாகிப் போன சிலிண்டரை மறுபடி வட்டமாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுகிறோம். எஞ்சின் பழைய இழுவைக்கு வந்துவிடும். சிலிண்டரோ பழைய அளவுக்கு வரவே வராது. அதை யாராவது "பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம்" என்று ரிக்கார்டில் எழுதி வைத்தால், அடுத்த மெக்கானிக் ஸ்டாண்டர்டு பிஸ்டனை வாங்கி வந்து முழிப்பார்.

ஆகவே 3ஆம் நம்பர் மோட்டாருக்கு எழுத வேண்டியது இதுதான். வேலை முடியாவிட்டால்: "ஓடாது, பியூஸ் பிடுங்கியிருக்கு, ஸ்விட்ச் போடாதே." முடிந்திருந்தால்: "ரீவைண்டிங் முடிந்தது, மெக்கரில் இன்சுலேஷன் பார்த்தாச்சு, ஓட்டலாம்."