எங்கு பார்த்தாலும் ரிச்மண்ட்... ஒரே பெயர் இத்தனை ஊர்களுக்கு வந்தது எப்படி?

இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா... எங்கு போனாலும் ஒரு ரிச்மண்ட் இருக்கும். ஏன் இத்தனை?

பெயரின் வேர் பிரெஞ்சு. 'வளமான மலை' என்று அர்த்தம். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள், யார்க்‌ஷயரில் கோட்டை கட்டி இந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்த ரிச்மண்டின் பிரபு பட்டம் பெற்றிருந்தவர்தான் பின்னாளில் மன்னரான ஏழாம் ஹென்றி. லண்டன் அருகே ஷீனில் இருந்த அரண்மனை 1497-ல் எரிந்துபோக, புதிதாகக் கட்டி ரிச்மண்ட் என்றே பெயர் சூட்டினார்.

1737-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நகரம் அமைத்த வில்லியம் பேர்டுக்கு, ஜேம்ஸ் நதியின் வளைவு அந்த லண்டன் ரிச்மண்டையும் தேம்ஸையும் நினைவுபடுத்தியதாம். அதே பெயரை வைத்துவிட்டார்!

ஆனால், அது ஆளில்லாத இடம் இல்லை. அதற்கு முன்பே அங்கு பவ்ஹாட்டன் என்ற பழங்குடி கிராமம் இருந்தது. நகரத்துக்கு நிலைத்தது என்னவோ, கடல் தாண்டி வந்தவர்கள் வைத்த பெயர்தான்.