நூலு, முடி, உப்புத் தண்ணி: எங்க வீட்டுச் சலதாரை ஏன் அடைச்சுக்கிட்டே இருந்தது?

ஒரே வருஷத்துல நாலு தடவை. குளிச்ச தண்ணி வெளியே போகாம பாத்ரூம்ல கணுக்கால் வரைக்கும் நிக்கும். முதல் தடவை கம்பி விட்டுக் குத்தினோம். ரெண்டாவது தடவை கடையில விக்கிற அடைப்பு நீக்கும் பவுடரைப் போட்டோம். மூணாவது தடவை ப்ளம்பர் வந்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணி சர்ருனு போகும், ரெண்டு மூணு மாசத்துல பழையபடி நிக்கும். நாலாவது தடவை ஒரு சொந்தக்காரர் சாதாரணமாச் சொன்னார்: "செப்டிக் டேங்க் ரொம்பியிருக்குமுங்க. ஆயிரம் ரூவா குடுத்தா ஆள் எறங்கிப் பாத்துக் குடுத்துருவாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார்ந்து படிக்க வெச்சது. ஒரு ஆளை உள்ளே இறக்குற அளவுக்கு அப்படி என்னதான் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுக்காம, அடுத்த வேலையைத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

எங்க ஊர் குண்டடம். பல்லடத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல, மழை குறைஞ்ச பூமி. வீட்டுப் புழக்கத்துக்குப் போர் தண்ணிதான். விடிஞ்சா பனியன் கம்பெனி வண்டிகள் ஆளேத்திக்கிட்டுப் போகும். எங்க வீட்டுலயும் அக்கா தையலுக்குப் போறாங்க. அம்மா வீட்டுலயே உக்காந்து பிசிறு வெட்டறாங்க. போர் தண்ணிக்கும் பனியன் வேலைக்கும் அடைப்புக்கும் என்ன சம்பந்தம்னு நானும் முதல்ல யோசிக்கலை.

அடைப்பு எங்கே?

கம்பி எடுக்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி இது. கண்டுபிடிக்கறது சுலபம்.

ஒரு இடத்துல மட்டும் தண்ணி நின்னா, கோளாறு அந்த இடத்தோட டிராப்புலதான். பாத்ரூம்ல தண்ணி ஊத்தினா துணி துவைக்கிற இடத்துல கொப்பளிச்சு வருதுன்னா, ரெண்டும் சேர்ற குழாய்ல அடைப்பு. வீடு முழுக்கத் தேங்கி, கக்கூஸும் இறங்கலைன்னாத்தான் வெளி லைன் மேலயும் செப்டிக் டேங்க் மேலயும் சந்தேகப்படணும்.

எங்க வீட்டுல பாத்ரூம்ல மட்டும்தான் தண்ணி நின்னது. பொடக்காளியில இருக்கிற துவைக்கிற கல்லுத் தண்ணி கொஞ்சம் மந்தமாப் போச்சு, அவ்வளவுதான். கக்கூஸ் நல்லா இருந்துச்சு. அதாவது செப்டிக் டேங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆள் இறங்கியிருந்தா, இல்லாத அடைப்பைத் தேடித்தான் இறங்கியிருப்பார்.

டிராப்னு சொல்றது தரையில சல்லடைக்குக் கீழே இருக்கிற கிண்ணம். கொஞ்சம் தண்ணி எப்பவும் அதுல தங்கி, சாக்கடை நாத்தம் மேலே வராம மூடிவைக்கும். இந்த யோசனை ரொம்பப் பழசு: அலெக்சாண்டர் கம்மிங் 1775ல லண்டன்ல வாங்கின கக்கூஸ் காப்புரிமையிலயே வளைஞ்ச குழாயில தண்ணி தங்குற இந்த ஏற்பாடு இருக்கு. நாத்தத்தைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனா தண்ணி தங்குற இடத்துல அழுக்கும் தங்கத்தான் செய்யும்.

அடைப்பு எதால?

கையுறை போட்டுக்கிட்டு டிராப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை வாளியில எடுத்துப் போட்டேன். சாம்பல் நிறத்துல, ஒரு முழம் கயிறு மாதிரி வந்துச்சு. அதைப் பிரிச்சுப் பார்த்ததுலதான் விஷயம் புரிஞ்சது. நாலு சரக்கு இருந்துச்சு.

ஒண்ணு, முடி. இது எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான்.

ரெண்டு, அரப்புத் தூள். ஞாயித்துக்கிழமை தேய்ச்சுக் குளிக்கிற அரப்பு தண்ணியில கரையறதில்லை, அடியில படியுது.

மூணு, வெள்ளையா மெழுகு மாதிரி ஒரு பசை. இது சோப்புதான், ஆனா வேற உருவத்துல இருக்கிற சோப்பு. போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் குளியல் சோப்போட சேர்ந்தா, தண்ணியில கரையாத ஒரு கசடு உண்டாகும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னும், வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னும் சொல்லுது. உங்க தண்ணியைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ரெண்டு பாட்டில் எடுத்து ஒண்ணுல மழைத் தண்ணி, இன்னொண்ணுல போர் தண்ணி ஊத்தி, ஒரே அளவு குளியல் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்க. ஒண்ணுல நுரை பொங்கும். கடினத் தண்ணியில நுரை கம்மியாகி, பால் திரிஞ்ச மாதிரி இருக்கும். அந்தத் திரிதான் குழாய்ல படியுது.

நாலாவது, நூல். எங்க அடைப்புல பாதிக்கு மேல இதுதான். அக்கா சட்டையோட ஒட்டிக்கிட்டு வர்ற பஞ்சு, அம்மா மடியில விழுற பிசிறு, தரை துடைக்கிற பனியன் துணியில இருந்து உருவிக்கிட்டு வர்ற இழை, எல்லாம் குளிக்கும்போதும் துவைக்கும்போதும் குழாய்க்குத்தான் போகுது. நூல் முடியைச் சுத்துது, அரப்பு நடுவுல மாட்டுது, சோப்புக் கசடு எல்லாத்தையும் பூசி மூடுது. கம்பிக்கு முறுக்குக் கம்பியும் இருக்கு, சாந்தும் இருக்கு!

பவுடர் ஏன் வேலை செய்யலை?

அடைப்பு நீக்கும் பவுடர்ல முக்கியமா இருக்கிறது காஸ்டிக் சோடா. அது முடியைக் கரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பா மாத்தும். பருத்தி நூலை அது கரைக்காது. 1844ல ஜான் மெர்சர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவுல நனைச்சுப் பார்த்தார். நூல் கரையலை, உப்பிப் பலமாச்சு. இன்னைக்கும் துணிக்கு மெருகும் பலமும் ஏத்த அதே வேலையைச் செய்யறாங்க. மெர்சரைசிங்னு அவர் பேர்தான் அதுக்கு. திருப்பூர்க்காரங்களுக்குப் பழக்கமான வார்த்தை. ஊரெல்லாம் நூலைப் பலப்படுத்தப் பயன்படுத்துற சரக்கை, நாங்க நூலை ஒழிக்கக் காசு குடுத்து வாங்கிக் கொட்டியிருக்கோம்.

இன்னொண்ணும் நடக்குது. பிசுக்குல இருந்து உண்டாகுற அந்தப் புதுச் சோப்பு, அடுத்து வர்ற போர் தண்ணியோட சேர்ந்து மறுபடியும் கசடாகுது. முடி கரைஞ்சதும் தண்ணி போகும். நூல் அங்கேயே காத்துக்கிட்டு இருக்கும்.

பவுடர் போடறவங்க ஒண்ணை மறக்கக் கூடாது: காஸ்டிக் சோடா தண்ணி பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும், தெறிச்சா கண்ணு போயிரும். அது வேலை செய்யலைன்னு மேலேயே ஆசிட் ஊத்தறது அதைவிட ஆபத்து. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தா குளோரின் வாயு வரும். கதவு மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே உலை. சோடா உப்பும் வினிகரும் ஊத்துற வீடியோ வைத்தியத்துல இந்த ஆபத்து இல்லை, பலனும் பெருசா இல்லை. ரெண்டும் ஒண்ணையொண்ணு முறிச்சுக்கும், நுரைதான் மிச்சம்.

இப்ப என்ன செய்யறோம்?

டிராப் சல்லடை மேல பழைய கொசுவலைத் துண்டு ஒண்ணை விரிச்சு வெச்சிருக்கோம். தினமும் குளிச்சு முடிச்சதும் எடுத்துக் குப்பையில உதறணும். கம்பெனி உடுப்பை வாசல்லயே உதறிட்டுத்தான் துவைக்கப் போடறோம். துடைக்கிற பனியன் துணியோட ஓரத்தை அம்மா மடிச்சுத் தைச்சுட்டாங்க. மாசத்துல ஒரு ஞாயிறு டிராப் கிண்ணத்தைக் கழட்டிக் கழுவறோம். பத்து நிமிஷ வேலை.

குழாயையும் பார்த்தோம். நாலு இஞ்சுக் குழாய்க்கு நாப்பது அடிக்கு ஒரு அடி வாட்டம் இருக்கணும்ங்கறது பொதுவான கணக்கு. எங்க வாட்டம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு இடத்துல செங்குத்தா ஒரு முக்கு திரும்புது. அங்கே ரெண்டு சாய்வு பெண்டு போட்டா தண்ணி இடிக்காமத் திரும்பும்னு ப்ளம்பர் அண்ணன் சொன்னார். மாத்தியாச்சு.

கடைசியா, அந்த ஆயிரம் ரூபாய் விஷயம். செப்டிக் டேங்குக்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லைன்னு நம்பி இறங்கறவர் அங்கேயே விழுவார், தூக்கப் போறவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை. சாக்கடையில இறந்தவங்க குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல 30 லட்சமா உயர்த்துச்சு. டேங்க் நிஜமாவே ரொம்பினா, உறிஞ்சுற லாரியைக் கூப்பிடறதுதான் வழி.

சொந்தக்காரர் மறுபடி வந்தப்போ அந்த வாளிச் சரக்கை அவர்கிட்டக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இதுக்காடா ஆளை எறக்கலாம்னு சொன்னேன்?"னு கேட்டார். ஆமாங்க, ஒரு முழம் நூலுக்குத்தான்.