கம்ப்யூட்டர் அறைக்கு ஏன் காணிக்கை?



 ஆண்டுக் கணக்கறிக்கையைப் படித்த பங்காளர்கள் சிலர், "கம்ப்யூட்டர் பராமரிப்பு" என்ற தலைப்பின் கீழ் உள்ள செலவைப் பற்றி விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஏழை நோயாளிகளுக்கென்று கொடுத்த பணம் இயந்திரங்களுக்குப் போகலாமா என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

முன்பு நோயாளியின் விவரமெல்லாம் அட்டையில் இருந்தது. இன்று ஓ.பி. சீட்டு போடுவது முதல் லேப் ரிசல்ட், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில் வரை எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு தாயாருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சில வருடங்களுக்கு முன் எழுதி வைத்த குறிப்பு, இன்று இரவு அவசரப் பிரிவில் இருக்கும் சிஸ்டருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அந்தக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும்.

அது விழித்திராவிட்டால் என்ன ஆகும் என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நாடே பார்த்தது. 2022 நவம்பர் 23-ம் தேதி அங்கே ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறக்குறைய 1.3 டெராபைட் விவரங்கள் பூட்டப்பட்டன. ஓ.பி. பதிவு, லேப் ரிசல்ட் எல்லாம் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. பெரும்பாலான வேலைகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரங்கள் ஆயின. பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் இந்த வகைக் கொள்ளைக்கு ரான்சம்வேர் என்று பெயர். வேதத்தில் "மீட்கும்பொருள்" என்று வாசிக்கிறோமே, அந்த அருமையான வார்த்தையைத் திருடர்கள் தங்கள் தொழிலுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்!

எய்ம்ஸ் எப்படித் தப்பியது என்பதே நமக்கு முக்கியம். தாக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் நகல் பத்திரமாக இருந்தது. அதிலிருந்தே விவரங்களைத் திரும்ப எடுத்தார்கள். உள்வலை சரியாகப் பிரித்து வைக்கப்படாததால்தான் திருடர்கள் நுழைய முடிந்தது என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. எல்லா அறைக்கும் ஒரே சாவி என்றால் ஒரு அறைக்குள் புகுந்தவன் எல்லா அறைக்குள்ளும் புகுவான் அல்லவா?

அதற்கு முன்பு 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை நிர்வாகங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பாதித்தது. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின; ஆம்புலன்சுகள் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன. வருத்தம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, இலவசமாகக் கொடுத்திருந்தது. பல இடங்களில் அதைப் போடாமலே விட்டிருந்தார்கள்.

இனி நமது அறைக்குள் வருவோம். சர்வர் என்றதும் ஹோட்டலில் இட்லி கொண்டு வருகிறவர் நினைவுக்கு வரலாம். வேலை ஏறக்குறைய அதுதான்: கேட்டதைக் கேட்டவருக்குக் கொண்டுவந்து கொடுப்பது. முன்பெல்லாம் லேபுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டி வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். ஆனால் மின்சாரமும் ஏ.சி.யும் முழுதாகக் கேட்கும். இப்போது ஒரே பலமான சர்வருக்குள் பல சர்வர்களைக் குடிவைக்கலாம். இதைத்தான் விர்ச்சுவலைசேஷன் என்கிறார்கள். பெரிய வீடு ஒன்றைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போல. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. எதிர்வீட்டுக்காரர் சமையலறை நமக்குத் தெரியாது.

ஆனால் வீடே இடிந்தால் எல்லாக் குடித்தனமும் தெருவுக்கு வந்துவிடும். ஆகையால் வீடு இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று பழுதானால், அதில் இருந்தவை மற்றதில் எழுந்து வேலையைத் தொடரும். ஒன்று போதாதா, இரண்டாவது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். இதற்கான மென்பொருளிலும் மிச்சம் பிடிக்க வழியுண்டு. இத்துறையில் பெரிய பெயரான விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கிய பின், நிரந்தர உரிமம் விற்பது நிறுத்தப்பட்டு எல்லாம் சந்தா முறைக்கு மாறியது. ஆஸ்திரியாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை உரிமக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். நம்மைப் போன்ற இடங்களுக்கு அது போதும்.

"எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாமே, என் மகன் அப்படித்தான் சொல்கிறான்" என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார்கள். கிளவுடு வானத்தில் இல்லை. வேறொருவர் கட்டிடத்தில் உள்ள சர்வரை வாடகைக்கு எடுப்பதே அது. அமேசான் 2016-ல் மும்பையில் அப்படிப்பட்ட மையத்தைத் திறந்தது. மைக்ரோசாப்ட் 2015-லேயே சென்னையில் ஒன்று வைத்தது. மின்னஞ்சலுக்கும், நகல்களைத் தூரத்தில் வைப்பதற்கும் அது மிகவும் உதவும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. லைன் அறுந்த இரவில் நோயாளியின் விவரம் மும்பையில் இருந்து என்ன பயன்? ஜெனரேட்டர் ஓடும் வரை நம் அறையிலுள்ள சர்வர் பேசும். ஆகவே அன்றாட வேலை இங்கே, நகல் அங்கே என்று வைத்திருக்கிறோம்.

நகல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று சர்வர் அறையில்; ஒன்று வேறு கட்டிடத்தில், எழுதி முடித்ததும் கழற்றி வைக்கும் டிஸ்கில்; ஒன்று கிளவுடில். கழற்றி வைப்பது ஏனென்றால், இணைத்திருக்கும் எதையும் வைரஸ் தேடிப் பிடித்துப் பூட்டிவிடும்.

இவற்றையெல்லாம் விட அதிகப் பிரயாசம் எடுப்பது கண்காணிப்புதான். வார்டில் சிஸ்டர் நான்கு மணிக்கொருமுறை காய்ச்சல் பார்த்துச் சார்ட்டில் குறிப்பது போல, ஒரு சிறிய மென்பொருள் நிமிடத்துக்கொருமுறை சர்வர்களின் நாடி பார்க்கிறது. டிஸ்க் நிரம்புகிறதா, அறை சூடாகிறதா, யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா, நேற்றிரவு நகல் முழுதாக முடிந்ததா, இரவு இரண்டு மணிக்கு யாரோ தவறான பாஸ்வேர்டு அடித்துக்கொண்டே இருக்கிறார்களா? கோளாறு என்றால் கைபேசிக்குச் செய்தி வரும். இதிலும் அளவு வேண்டும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணியடித்தால் கடைசியில் ஒருவரும் எழுந்து பார்க்கமாட்டார்கள், ஐ.சி.யூ.வில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எடுத்த நகல் திரும்ப வருமா என்பதையும் சோதித்தாக வேண்டும். திரும்ப எடுத்துப் பார்க்காத நகல், எண்ணெய் இருக்கிறதா என்று பாராமல் கையில் பிடித்த தீவட்டியைப் போன்றது. ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நமது கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பிகள் வேறொரு இயந்திரத்தில் நகலை ஏற்றி, டயாலிசிஸ் நோயாளிகளின் பட்டியலும் காசநோய் மாத்திரைக் கணக்கும் அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். காலை ஆராதனைக்கு அவர்கள் தூக்கக் கண்ணோடு வந்தால் கோபிக்க வேண்டாம்.

கட்டிலில் பெயர் எழுதலாம், ஆம்புலன்சிலும் எழுதலாம். பேக்கப் டிஸ்கில் எழுத இடமில்லை. அதனால்தானோ என்னவோ, இதற்கென்று காணிக்கை வருவது குறைவு. யு.பி.எஸ். பேட்டரிகளைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியாக வேண்டும், டிஸ்குகளும் தேயும். இந்த ஆண்டு பேட்டரிகள் முழுவதையும், கழற்றி வைக்கும் டிஸ்குகளில் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்கென்று கொடுக்க ஏவப்படுகிறவர்கள், காணிக்கை அனுப்பும்போது "கம்ப்யூட்டர் பராமரிப்பு" என்று குறிப்பிட்டால் அது அந்தக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும்.

அடுத்த சோதனை வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆரம்பமாகிறது. அந்த நேரத்தில் எங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.